குளத்தில் இறக்கிவிட ஆளில்லாதவை

நீர் நோயைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கை தென்காசி வட்டாரத்து மக்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த ஒன்று. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் உடலைக் கொடுத்து நிற்பதற்காகத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே காத்திருந்தனர். மூட்டுவலிக்காரரும் முதுகுவலிக்காரரும் அவர்களிடம் உடலை ஒப்படைத்துவிட்டுப் பின்னர் அருவியின் அடியில் போய் நின்றனர். பிடித்துவிடுதல், சூடு, நீர், அசைவு ஆகிய இந்நான்கையும் ஆராய்ந்து முறைப்படுத்தியதே இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று நாம் வழக்கில் சொல்வது அதைத்தான்.

மனிதருக்காகத் தோன்றிய அம்மருத்துவம் கடந்த சில பத்தாண்டுகளில் விலங்குகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முதுகெலும்பில் அறுவை நடந்த நாயைக் கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை நிரப்பி, அடியில் மெல்ல நகரும் பட்டையின்மேல் நடக்கப் பழக்குகிறார்கள். கால் முறிந்து தேறிய குதிரையைக் குளத்தில் நீந்தவிடுகிறார்கள். மூட்டு வீங்கிய யானையை ஆழமான தொட்டிக்குள் இறக்கி நிற்கச் செய்கிறார்கள். நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்து மதுரா மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டு நவம்பரில் யானைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நீர்ச் சிகிச்சைக்கான குளம் அங்கே உண்டு. தாய்லாந்து நாட்டின் லாம்பாங்கில் 1993லேயே இத்தகைய மருத்துவமனை தோன்றிவிட்டது. கண்ணிவெடியில் காலிழந்த யானைகளுக்கு அங்கே செயற்கைக் கால் பொருத்தி நடக்கவைத்திருக்கிறார்கள்.

இச்செய்திகளைப் படிக்கும்போது நம்முள் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று வியக்கிறது, மற்றொன்று முகம் சுளிக்கிறது. இரண்டாவது குரலுக்கும் நியாயம் உண்டு. அதைக் கேட்காமல் இவ்விவகாரத்தில் அறநெறி பேசுவது எளிதாகிவிடும். ஆகவே இரண்டையும் நிதானமாகக் கேட்போம்.

நீர் செய்யும் வேலை

முதலில், நீர் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. நீரில் நிற்கும் உடலை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது. தாங்கும் அளவுக்குக் கால்களின் சுமை குறைகிறது. நாய்களை நீரில் நிறுத்தி இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் அளவு நீரில் நாயின் கால்கள் அதன் எடையில் 91 விழுக்காட்டைத் தாங்குகின்றன. முழங்கால் மூட்டு அளவுக்கு நீர் உயர்ந்தால் அது 85 விழுக்காடாகிறது. இடுப்பெலும்பு அளவுக்கு உயரும்போது வெறும் 38 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. தரையில் எழுந்து நிற்கவே முடியாத உயிர், இடுப்பளவு நீரில் நான்கடி எடுத்து வைப்பது இதனால்தான். நீரின் அழுத்தம் வீக்கத்தை வடியச் செய்கிறது. அதன் வெதுவெதுப்பு இறுகிய தசையைத் தளர்த்துகிறது. அது தரும் எதிர்ப்பு, மெலிந்த தசைக்கு மெல்ல வலுவூட்டுகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. விழுந்த உயிரின் சுமையைச் சிறிது நேரம் வேறொன்று ஏற்றுக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் அவ்வுயிர் தன் கால்களை மறுபடியும் நினைவுகூர்ந்துகொள்கிறது.

நியாயமான மறுப்பு

இனி இரண்டாவது குரலைக் கேட்போம். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துத் தண்டுவடம் சிதைந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்த பொறியியல் மாணவர் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. தன் கைகால்களை அசைக்க இயலாத ஒருவர், பிறர் எழுந்து நடப்பதற்காக ஓர் ஊரையே உருவாக்கினார். நாடு அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. அங்கே வந்து சேரும் குழந்தைகளுக்கு இணையான எத்தனையோ குழந்தைகள் எவர் கண்ணிலும் படாமல் நம் சிற்றூர்களின் வீட்டுத் திண்ணைகளில் கிடக்கிறார்கள். பக்கவாதத்தால் படுத்த முதியவரின் மடங்கிய கையை நாளும் நீட்டி மடக்கிவிட ஆளில்லாமல், அது அப்படியே இறுகிப்போன வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. இந்நிலையில் நாய்க்குக் கண்ணாடித் தொட்டியும் குதிரைக்கு நீச்சல் குளமும் எதற்கு என்று ஓர் ஏழைத் தாய் கேட்டால், அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

திருச்சபையும் அவள் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைக் குறித்துப் பேசுமிடத்தில் இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைக்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என்பது முதலாவது. மனிதத் துயரைத் துடைக்க முதலில் சேரவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்பது இரண்டாவது. நம்மில் பலர் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே பத்தியில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

மரபில் இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் இதே இழுபறியைக் காணலாம். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்று இணைச் சட்ட நூல் விதிக்கிறது. அதே விதியை எடுத்துக்கொண்ட தூய பவுலடியார், கடவுளின் அக்கறை மாடுகளைப் பற்றியதா என்று வினவி, அது உழைக்கும் மனிதனின் கூலியைப் பற்றியது என்று விளக்கம் தருகிறார். புனித தோமா அக்குவினாசும், விலங்குகளிடம் இரக்கம் காட்டுகிறவன் மனிதரிடமும் இரக்கம் காட்டப் பழகுவான் என்பதிலேயே அவ்விரக்கத்தின் பயனைக் கண்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் வேறோர் அழுத்தம் தெரிகிறது. படைப்புகள் நமக்குப் பயன்படுவதனால் மட்டும் மதிப்புப் பெறுவதில்லை; கடவுளின் முன்னிலையில் அவற்றுக்குத் தம்மளவிலேயே மதிப்பு உண்டு என்று அம்மடல் கற்பிக்கிறது. வழியில் விழுந்து கிடக்கும் மாட்டையும் கழுதையையும் கண்டும் காணாமல் போகக் கூடாது என்னும் இணைச் சட்டத்தின் கட்டளையை அது அங்கே நினைவூட்டுகிறது.

கடன் எது, ஆடம்பரம் எது

விழுந்த விலங்கைத் தூக்கிவிடு என்னும் கட்டளை தெளிவானது. தூக்கிய பின்னும் அது நிற்கவில்லையென்றால் என்ன செய்வது? இக்கேள்விக்கு நெல்லை மக்கள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகங்கொடுத்தனர்.

நெல்லையப்பர் கோயிலுக்கு 1985இல் வந்து சேர்ந்த யானை காந்திமதி, நாற்பது ஆண்டுகள் அந்நகரத் தெருக்களில் நடந்தது. சமய வேறுபாடின்றி எல்லா வீட்டுக் குழந்தைகளும் அதைத் தம்முடையதாகவே கருதினர். முதுமையில் மூட்டுநோய் கண்டது. 2022இல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் அதற்குத் தோல் செருப்புகள் செய்து கொடுத்தனர். 2025 சனவரியில் ஒருநாள் கீழே படுத்த யானையால் எழ முடியவில்லை. பளுதூக்கி எந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்த முயன்றார்கள், கால்கள் தாங்கவில்லை. சனவரி 12ஆம் நாள் தன் 56ஆம் வயதில் அது உயிர்நீத்தது. எவரையும் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்பு அங்கே குறைவுபடவில்லை என்பதற்கு அந்தச் செருப்புகளே சாட்சி.

காட்டு யானை ஈரமண்ணிலும் சருகிலும் நாள் முழுதும் நடக்கிறது. மனிதரோடு வாழும் யானை கல்தளத்திலும் தார்ச்சாலையிலும் நிற்கிறது. கால்நோயும் மூட்டுநோயும் வளர்ப்பு யானைகளை வாட்டும் முதன்மையான நோய்களாக இருப்பது தற்செயலன்று. மூட்டுவலி கண்ட முதிய யானை, படுத்தால் எழ முடியாதோ என்று அஞ்சியதுபோல், படுக்காமலே நின்று உறங்கப் பழகிவிடும். அதற்கு நீர்த்தொட்டியில் அன்றாடம் சற்று நேரம் சுமையிறக்கம் தருவது ஆடம்பரமா? நாற்பது ஆண்டு ஊழியத்துக்கு நாம் செலுத்தவேண்டிய பாக்கியா?

இங்கேதான் நம் கேள்விக்கு ஒரு வழி திறக்கிறது. எந்த விலங்கு நமக்காக உழைத்ததால், அல்லது நம்மால், நலம் இழந்ததோ, அதற்கு நாம் செய்வது தருமம் என்னும் கணக்கில் வராது, அது கடன். கரும்பு பாரம் இழுத்துத் தோளும் முழங்காலும் தேய்ந்த வண்டிமாடு கடன்காரன்போல் நம் வாசலில் நிற்கிறது. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் இடையே இரவில் விரையும் வண்டிகளில் அடிபட்டு, பின்னங்கால்கள் செயலிழந்து, முன்னங்கால்களால் உடலை இழுத்துச் செல்லும் தெருநாயும் நம் விரைவுக்கு விலை கொடுத்த உயிரே. கடனைத் தீர்த்த பின்பே தானம் செய்யவேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த நீதி. ஏழைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி வேலைக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்ள முடியாது. அவ்வாறே, மனிதரின் துயரைக் காட்டி இக்கடனை ஒருவன் தள்ளுபடி செய்துகொள்ளவும் முடியாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பந்தயத்துக்காகவும் பெருமைக்காகவும் வளர்த்த விலங்கின்மேல் கொட்டப்படும் பெருஞ்செலவைக் கடன் என்ற சொல்லால் மூடிவிட இயலாது. விலங்குகளுக்கான நீர்ப் பயிற்சியே பந்தயக் குதிரைகளையும் பந்தய நாய்களையும் ஒட்டி வளர்ந்த கலைதான். தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, மாதக்கணக்கில் போய்ப் பார்க்காமல், நாயை வாரந்தோறும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் வீடும் இக்காலத்தில் இருக்கக்கூடும். அவ்வீட்டின் குற்றம் நாயிடம் காட்டிய அன்பில் இல்லை. தாயிடம் காட்ட மறந்ததில் இருக்கிறது. ஆயினும் மறைக்கல்வியின் இரண்டாவது வாக்கியம் அந்த வாசலில் நின்று கதவைத் தட்டாமல் போகாது.

யாருக்காக இந்தச் சிகிச்சை

செலவைவிட ஆழமான கேள்வி ஒன்றும் உண்டு. சிகிச்சை வலிக்கும். இறுகிய மூட்டை நீட்டும்போது மனிதன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். அவனால் அது முடிவது ஏன்? ஆறு மாதத்தில் நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னது அவன் காதில் ஒலிக்கிறது. வருங்காலம் என்னும் ஒன்று அவனுக்கு இருக்கிறது. விலங்குக்கு அப்படி எதையும் நம்மால் சொல்ல முடியாது. அது அறிந்ததெல்லாம் இப்போதைய வலியும் இப்போது தன்னைத் தொடும் கையுமே. ஆகவே, நம்பிக்கையையும் தீர்ப்பையும் அதற்காக நாமே சுமக்கவேண்டியிருக்கிறது. இது பெரும் பொறுப்பு. இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் இடம் அதிகம்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார்பரோ, 2006ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பின்னங்கால் எலும்பு நொறுங்கி நின்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் அறுவை செய்து, மயக்கம் தெளிகையில் மிரண்டு மறுபடி காலை உடைத்துக்கொள்ளாதிருக்க, அதைக் குளத்து நீரில் மிதவையில் தொங்கவிட்டு விழிக்கச் செய்தார்கள். நாடே அதன் நலத்துக்காக ஏங்கியது. ஆனால் சுமை மாறி விழுந்ததால் குளம்புகளில் அழற்சி கண்டது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 சனவரி 29ஆம் நாள் அதன் வலியை ஊசியால் முடித்துவைத்தனர். அங்கே முயன்றவர்கள் அன்போடுதான் முயன்றார்கள். நிறுத்தவேண்டிய நேரம் வந்தபோது நிறுத்தவும் செய்தார்கள். அந்த நேரம் எது என்பதே கடினமான வினா.

மனித உயிரை முடிக்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்பது திருச்சபையின் மாறாத போதனை. விலங்கின் நிலை வேறு. அதன் பராமரிப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மீள வழியில்லாத வேதனையை முடித்துவைப்பதும் அப்பராமரிப்பில் அடங்கக்கூடும். ஆனால் முடிவெடுக்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இந்த உயிர் தன் இயல்புக்குரிய சிறு இன்பங்களுக்கு, எழுந்து நிற்கவும் மேயவும் தன் இனத்தோடு இருக்கவும், மீளக்கூடுமா? சிகிச்சையின் வேதனை, பின்னால் கிடைக்கும் நலத்தைவிடச் சிறியதா? நாம் ஆற்ற முயல்வது அதன் நோயையா, அதைப் பிரிய மாட்டாத நம் துயரத்தையா? மூன்றாவது கேள்விக்கு உண்மையாக விடை சொல்பவர் அரிது.

தொழுவத்தில் ஓர் இரவு

பெரிய மருத்துவமனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது நமக்குரிய பொருளன்று என்று தோன்றிவிடும். நம் தொழுவங்களில் அடிக்கடி நேரும் ஒன்றைப் பார்ப்போம். நன்றாகக் கறக்கும் பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் தள்ளாடிப் படுத்துவிடுகிறது. உடலின் சுண்ணாம்புச் சத்து திடீரெனப் பாலில் இறங்கிவிடுவதால் வரும் இந்நோயைப் பால்காய்ச்சல் என்கிறார்கள். மருத்துவர் வந்து அச்சத்தை ஊசிவழி ஏற்றினால் பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் மருத்துவர் வருவதற்குள் சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகப் பல மணி நேரம் கிடந்திருந்தால், முந்நூறு நானூறு கிலோ எடை அடித்தொடையின் தசையையும் நரம்பையும் நசுக்கிவிடும். பிறகு முதல் நோய் தீர்ந்தாலும் பசுவால் எழ முடியாது.

மேலைநாடுகளில் இத்தகைய பசுவைத் தொட்டிக்குள் சேர்த்து, வெந்நீர் நிரப்பி, மிதந்து நிற்கச் செய்கிறார்கள். நமக்குத் தொட்டி இல்லை. ஆனால் அதற்கு முந்தைய படிகளில் எதற்கும் தொட்டி தேவையில்லை. மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்பிய படுக்கை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பசுவைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் நான்கு கைகள். கால்களை மடக்கி நீட்டித் தேய்த்துவிடுதல். வெந்நீர்த் துணியால் ஒத்தடம். வாய்க்கு எட்டும் தொலைவில் தண்ணீரும் தீனியும். மருத்துவர் சொல்லும்போது அகலமான பட்டைகளை அடிவயிற்றில் கொடுத்துச் சிறிது நேரம் தூக்கி நிறுத்துதல். இவை அனைத்துக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் நேரமே. இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் கிடைக்காதபோதுதான் அடிமாட்டு வியாபாரி வருகிறார். கைம்பெண் ஒருத்தி குழுவில் கடன் வாங்கிய பசுவைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறாள். நடக்க முடியாத உயிரைக் கயிற்றால் இழுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அது புளியரையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவளைக் குற்றவாளியாக்குவது அறமாகாது. விடுதலைப் பயண நூலும் இணைச் சட்டமும், விழுந்த விலங்கைத் தூக்கும் கடமையை உடையவன்மேல் மட்டும் சுமத்தவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வழியே போகிறவன் உடையவனோடு சேர்ந்து தூக்கவேண்டும். உடையவன் தன்னை வெறுப்பவனாக இருந்தாலும் தூக்கவேண்டும். தூக்குதல் என்பது அங்கே ஊர்க்கடமையாக இருக்கிறது.

நம் பங்குகளில் இதற்குப் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. சனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளில் மாடுகளைக் கோயில் முற்றத்துக்கு ஓட்டிவந்து மந்திரிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தீர்த்தம் தெளித்த பிறகு, விழுந்த மாட்டைப் புரட்டுவது எப்படி, ஒத்தடம் கொடுப்பது எப்படி என்று கால்நடை மருத்துவர் ஒருவர் அரைமணி நேரம் இளைஞர்களுக்குக் காட்டிக்கொடுத்தால் அந்த ஆசீர் தொழுவம் வரை வந்து சேரும். பட்டைகள் இரண்டு பங்கு அறையில் கிடக்கலாம். இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்னும் எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. நடுவே தேவைப்படுவது அண்டை வீட்டார் மட்டுமே.

ஆய்க்குடிக் குழந்தைகளையும் திண்ணையில் கிடக்கும் முதியவரையும் நாம் மறக்கவில்லை. ஒரு பசுவை இரவில் நான்கு முறை எழுந்து புரட்டக் கற்ற பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் பாட்டியையும் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க அறிந்திருப்பார்கள். புனித தோமா சொன்னது இந்த அளவில் முற்றிலும் உண்மை. கைக்கு வந்த பழக்கம் இந்த உயிருக்கு, அந்த உயிருக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மனிதரிடமிருந்து எடுத்து விலங்குக்குக் கொடுக்கவேண்டிய நிலை பணத்தில் வரலாம். விழித்திருக்கும் பொறுமையில் அது வருவது அரிது. அது செலவழிக்கச் செலவழிக்கப் பெருகும் செல்வம். விலங்குகளும் இதில் நமக்குப் பாக்கி வைக்கவில்லை. செல்வர் வீட்டு வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவை நாய்களே என்று லூக்கா எழுதுகிறார். கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிய புனித ஆரோக்கியநாதருக்கு அப்பம் கொண்டுவந்த நாயை அவர் சுரூபத்தின் காலடியில் இன்றும் காண்கிறோம்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு குளம் வருகிறது. எருசலேமில் ஆட்டு வாயில் அருகே இருந்த பெத்சதா குளம் அது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவனின் முறையீடு மருந்தைப் பற்றியதாக இருக்கவில்லை. நீர் அங்கேயே இருந்தது. தன்னை அதில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதே அவன் குறை. நலமடைய விரும்புகிறாயா என்று ஆண்டவர் அவனிடம் கேட்டார். அவன் வாய்திறந்து தன் நிலையைச் சொன்னான். தொழுவத்தில் கிடக்கும் பசுவிடமும் சாலையோரத்து நாயிடமும் அக்கேள்வியைக் கேட்டால் அவற்றால் விடை சொல்ல முடியாது. அவற்றின் சார்பில் விடை சொல்லவேண்டியவர், அவற்றைக் கடந்து செல்லும் நாம்தான்.